ஏழு முறை செத்த பிறகு பிடித்துப் போன கேம்!

"வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் படிக்கும் பத்திரிகையில், டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் கன்சோலுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. முதல் பதில், கன்சோலும் ஒரு கம்ப்யூட்டர்தான். இரண்டாவது பதில், என் அப்பா. கம்ப்யூட்டரைக் கண்டாலே ஒதுங்கிப் போன அவர், இன்று மின் கட்டணத்தைத் தானே லேப்டாப்பில் கட்டுகிறார். அதற்குக் காரணம் நான் சொல்லிக் கொடுத்த பாடம் இல்லை. நான் விளையாடித் தோற்ற ஒரு கேம்! எப்படி என்று சொல்கிறேன்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் கம்ப்யூட்டரில் கிரிக்கெட், கார் ரேஸ் எல்லாம் விளையாடியது உண்டு. ஆனால் வாளும் கேடயமும் ஏந்தி அரக்கர்களோடும் டிராகன்களோடும் சண்டை போடும் கேம்களைத் தொட்டதே இல்லை. பேன்டஸி ஆக்‌ஷன் கேம்ஸ் என்று இவற்றைச் சொல்வார்கள். அம்புலிமாமா கதையையும் விட்டலாச்சார்யா படத்தையும் ஒன்றாகக் கலந்து, அதில் கதாநாயகனாக உங்களையே நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த வகை.

சென்ற தீபாவளிக்குக் கிடைத்த போனஸில் ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கினேன். விடுமுறைக்குக் கும்பகோணம் போகும்போது அதையும் பையில் போட்டு எடுத்துச் சென்று, வீட்டு ஹாலில் இருக்கும் டி.வி.யில் மாட்டினேன். விலையைக் கேட்ட அம்மா, "இந்தக் காசுக்கு ஒரு நல்ல வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாமேடா" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

புதியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கன்சோல் என்பது கேம் விளையாடுவதற்காகவே செய்யப்பட்ட கம்ப்யூட்டர். பிளேஸ்டேஷன் 5-ல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் 8 கோர் பிராசசர், 16 ஜி.பி. மெமரி, வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் இருக்கின்றன. உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரிலும் இதே உறவுக்காரர்கள்தான் இருக்கிறார்கள். மானிட்டருக்குப் பதில் டி.வி., மவுஸ், கீபோர்டுக்குப் பதில் கையில் பிடிக்கும் கண்ட்ரோலர். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பெட்டிகளுக்கு உலகம் முழுக்க எவ்வளவு ரசிகர்கள் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2, தன் வாழ்நாளில் 15 கோடிக்கும் மேல் விற்றது.

கம்ப்யூட்டரில் ஒரு கேம் ஓட வேண்டுமென்றால், கிராபிக்ஸ் கார்டு போதுமா, டிரைவர் சரியா என்று பல கேள்விகள் வரும். கன்சோலில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கென்று எழுதிய கேம் அதில் ஓடும். ஆனால் பெட்டியைப் பிரித்த உடனே விளையாடிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். முதலில் இன்டர்நெட்டில் இணைக்க வேண்டும், ஒரு அக்கவுண்ட் தொடங்க வேண்டும், அப்டேட் டவுண்லோட் ஆக வேண்டும், பிறகு கேம் இன்ஸ்டால் ஆக வேண்டும். எங்கள் வீட்டு இன்டர்நெட் வேகத்தில் இதற்கே இரவுச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

முதல் மாலை

நான் முதலில் போட்ட கேமின் பெயர் டீமன்ஸ் சோல்ஸ். பனிமூட்டம் சூழ்ந்த ஒரு ராஜ்ஜியம், பாழடைந்த கோட்டை, ஆன்மாவை இழந்து அலையும் வீரர்கள். படமும் ஒலியும் பிரமாதம். இரும்புக் கவசத்தோடு நடந்தால் அந்தச் சத்தம் கல் சுவரில் எதிரொலித்துத் திரும்பி வருகிறது.

பயிற்சிப் பகுதியின் முடிவில் வயிறு பெருத்த ஒரு ராட்சசன் நிற்கிறான். கையில் பெரிய கோடரி. ஒரே அடி. நான் காலி! புதியவர்களைத் தோற்கடிப்பதற்காகவே அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள் அவனை ஜெயித்துவிட்டாலும், அடுத்த இடத்தில் இன்னும் பெரிய ஒன்று வந்து நசுக்கிவிடும். அதாவது, சாகாமல் இந்தக் கதை தொடங்குவதே இல்லை.

அதற்குப் பிறகு கோட்டை. படியேறும்போது ஒருவன் இருட்டு மூலையிலிருந்து குத்தினான். இன்னொரு படிக்கட்டில் மேலிருந்து எரியும் உருண்டையைத் தள்ளிவிட்டார்கள். பாலத்தில் ஓடினேன், டிராகன் வந்து நெருப்பைக் கக்கியது. ஒவ்வொரு முறை செத்தாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். சேர்த்து வைத்திருந்த ஆன்மாக்கள், அதாவது அந்த உலகத்தின் பணம், மொத்தமும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுத்துக் கொள்ளலாம். எடுப்பதற்குள் மறுபடியும் செத்தால் அதுவும் போச்சு!

அரை மணி நேரத்தில் ஏழு முறை செத்தேன். கண்ட்ரோலரை சோபாவில் எறிந்துவிட்டு, "காசு தண்டம்" என்றேன். இதுதான் பேன்டஸி ஆக்‌ஷன் கேம் பற்றிய என் முதல் அபிப்பிராயம்.

பெரிய அதிகாரிக்கும் அதே எண்ணம்தான்!

பிறகு இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு ஆறுதல் கிடைத்தது. இந்த கேம் முதன்முதலில் 2009 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 3-க்காக ஜப்பானில் வந்தது. தயாரித்தது பிரம் சாப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனம், வெளியிட்டது சோனி. அப்போது சோனியின் கேம் தயாரிப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷுஹேய் யோஷிடா, வெளியீட்டுக்கு முன்பே இதை விளையாடிப் பார்த்திருக்கிறார். இரண்டு மணி நேரம் போராடியும் தொடக்கத்தையே தாண்ட முடியவில்லை. இது படுமோசமான கேம் என்று முடிவு கட்டிவிட்டதாகப் பிற்பாடு அவரே பேட்டியில் ஒப்புக் கொண்டிருக்கிறார்.

விளைவு, ஜப்பானுக்கு வெளியே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சோனி இதை வெளியிடவில்லை. அதே 2009 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லஸ் என்ற வேறு நிறுவனம் வெளியிட்டது. கேம் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது பரவியது. அதன் வழியில் அதே குழு எடுத்த டார்க் சோல்ஸ் 2011-ல் வந்தது. எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்து மூன்று வாரத்துக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றது. 2020 நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 5-ஐ அறிமுகம் செய்த அன்று, கூடவே வெளியிட்ட முக்கியமான கேம் எது தெரியுமா? புதுப்பித்து எடுத்த அதே டீமன்ஸ் சோல்ஸ்!

ஆயிரக்கணக்கான கேம்களைப் பார்த்த ஒரு பெரிய அதிகாரியின் முதல் அபிப்பிராயமே இவ்வளவு தவறு என்றால், ஏழு முறை செத்த என் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு? மறுநாள் காலை கண்ட்ரோலரைத் திரும்பவும் கையில் எடுத்தேன்.

தப்புதான் வாத்தியார்

இரண்டாம் நாள் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எதிரிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அந்த இருட்டு மூலையில் ஒருவன் ஒளிந்திருப்பது இப்போது எனக்குத் தெரியும். எரியும் உருண்டை எங்கே உருளும் என்பதும் தெரியும். அப்படியானால் நேற்று ஏழு முறை செத்தது வீண் இல்லை. ஏழு செய்திகள்.

இன்னொன்று. திரையில் பச்சை நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது. அதுதான் உங்கள் மூச்சு. வாளை வீச வீச அது குறையும். முதல் நாள் நான் பட்டனைப் படபடவென்று அமுக்கிக் கொண்டே இருந்தேன். மூச்சு தீர்ந்து போய், எதிரி திருப்பி அடிக்கும்போது கேடயத்தால் தாங்கக்கூட முடியவில்லை. இரண்டு அடி, ஒரு அடி பின்னால், கொஞ்சம் பொறு. இதைப் புரிந்து கொண்டதும் அதே கோட்டை பாதி சுலபமாகிவிட்டது. என் கதாபாத்திரத்தின் பலம் கொஞ்சமும் கூடவில்லை. கூடியது என் அறிவு.

இன்டர்நெட் இணைப்பில் விளையாடினால் வேறொரு வசதியும் உண்டு. தரையில் அங்கங்கே ரத்தக் கறைகள் தெரியும். தொட்டால், வேறு எங்கோ விளையாடும் ஒருவர் அந்த இடத்தில் எப்படிச் செத்தார் என்பது நிழல் உருவமாக ஓடும். "முன்னால் ஆபத்து" என்பது போன்ற குறிப்புகளையும் மற்றவர்கள் தரையில் எழுதி வைத்திருப்பார்கள். இந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேமின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி சொல்லியிருக்கிறார். ஒருநாள் கடும் பனியில் மலைச் சாலை ஒன்றில் கார்கள் ஏற முடியாமல் நின்றுவிட்டன. பின்னால் வந்த கார்கள் முன்னால் இருந்தவற்றை மெதுவாக முட்டித் தள்ளி மேலே ஏற்றிவிட்டன. நின்று நன்றி சொல்லவும் வழியில்லை. நின்றால் மறுபடி மாட்டிக் கொள்ள வேண்டியதுதான். முகம் தெரியாத அந்த உதவிதான் கேமுக்குள் வந்திருக்கிறது.

இந்த மியாசாகி நம்மவர் போலத்தான். ஒரு பெரிய சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் வந்த ஐகோ என்ற கேமை விளையாடிவிட்டு, இதுதான் தன் வேலை என்று முடிவு செய்தார். 2004-ல், கிட்டத்தட்ட என் வயதில், குறைந்த சம்பளத்துக்கு பிரம் சாப்ட்வேரில் சேர்ந்தார். அங்கே டீமன்ஸ் சோல்ஸ், தேறாது என்று கைவிடப்படும் நிலையில் இருந்தது. ஏற்கெனவே தோற்றுப் போனதாக எல்லோரும் நினைக்கும் ஒன்றில் புதிதாக எதை முயன்றாலும் யாரும் கேட்கப் போவதில்லை என்று அதைக் கையில் எடுத்தார். தப்பு செய்ய இடம் கிடைத்த ஒருவர் எடுத்த கேம், விளையாடுகிறவருக்கும் தப்பு செய்ய இடம் கொடுக்கிறது.

கேமில் பார்த்த என் முகம்

இரண்டாவதாகப் போட்டது காட் ஆப் வார். 2018 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. பிளேஸ்டேஷன் 5-லும் ஓடும். இதன் முதல் அபிப்பிராயம் நேர் எதிர். போட்ட ஐந்தாவது நிமிடமே பிடித்துவிட்டது. காரணம், ஒரு கோடரி. வீசினால் போய்ப் பாய்கிறது. முக்கோண பட்டனை அமுக்கினால் காற்றில் சுழன்று திரும்பி வந்து உள்ளங்கையில் சேர்கிறது. சேரும்போது கண்ட்ரோலர் லேசாக அதிர்கிறது. எதிரியே இல்லாத இடத்தில் நின்று சும்மாவே பத்து முறை வீசிப் பார்த்தேன்.

இது வட ஐரோப்பியப் புராணக் கதை. கிராட்டோஸ் என்ற முரட்டு அப்பன் தன் மகன் அட்ரியஸுக்கு வேட்டையாடக் கற்றுத் தருகிறான். மான் எதிரே நிற்கிறது. பையன் அவசரப்பட்டு அம்பை விட, குறி தவறிவிடுகிறது. அப்பன் சீறி விழுகிறான். பையன் முகம் சுருங்கிப் போகிறது.

அந்த இடத்தில் நான் விளையாட்டை நிறுத்திவிட்டேன். அந்த முகத்தை வேறு எங்கோ பார்த்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில்!

என் அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 30 வருடங்களுக்கு மேல் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் பணமும் கணக்கும் நேராகாமல் வீட்டுக்கு வரமாட்டார். பத்து ரூபாய் குறைந்தால் அவர் பையிலிருந்துதான் போட வேண்டும். ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால், "தம்பி, இதை அமுக்கட்டுமா? ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்பார். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா, கொடுங்க" என்று மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே செய்து முடித்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அவர், "நீயே பண்ணிடுப்பா" என்றார். அதன் பின் லேப்டாப்பைத் திறக்கவில்லை. மின் கட்டணம் கட்டுவது முதல் பேங்க் கணக்கு பார்ப்பது வரை எல்லாம் சென்னையிலிருந்து நான்தான் செய்து வந்தேன்.

ஊருக்கெல்லாம் சாப்ட்வேர் எழுதும் நான், என் அப்பாவை ஒரே வாரத்தில் கம்ப்யூட்டரை விட்டே துரத்தியிருக்கிறேன். அவர் பயத்துக்குப் பின்னால் 30 வருடத்து அனுபவம் இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

"செத்தா என்ன ஆகும்?"

அன்று மாலை மறுபடியும் டீமன்ஸ் சோல்ஸ். பாலத்தில் டிராகன். நெருப்பு. காலி. பக்கத்தில் இருந்த அப்பா கேட்டார். "ஏம்ப்பா, செத்தா என்ன ஆகும்?"

"மறுபடி முதல்லேருந்து வரணும்பா."

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாது."

"அவ்வளவுதானா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்றார். சண்டை கேம் அவருக்கு வேண்டாம் என்று நினைத்து, ஷேடோ ஆப் தி கொலோசஸ் போட்டுக் கொடுத்தேன். புமிட்டோ உவேடா என்பவர் இயக்கி 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கேம் இது. ஐகோவை எடுத்தவரும் இவரேதான். 2018-ல் பிளேஸ்டேஷன் 4-க்காகப் புதுப்பித்தார்கள். இறந்து போன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க, ஓர் இளைஞன் 16 பிரம்மாண்ட பூதங்களைக் கொல்ல வேண்டும். கதை இவ்வளவுதான். வழியில் சின்னச் சின்ன எதிரிகளே கிடையாது. பெரிய வெறும் நிலம், காற்று, ஒரு குதிரை. வாளை வெயிலில் உயர்த்திப் பிடித்தால் ஒளிக்கற்றை போக வேண்டிய திசையைக் காட்டும்.

"ஒன்றுமே இல்லையே, போர்" என்பதுதான் என் முதல் அபிப்பிராயம். அப்பாவுக்கு அப்படி இல்லை. குதிரையைக் கூப்பிடவும் ஏறவும் கற்றுக் கொள்ள அரை மணி நேரம் ஆயிற்று. பள்ளத்தில் விழுந்தார், பாறையில் மோதினார். இம்முறை நான் கையை நீட்டவே இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் அந்த வெளியெல்லாம் குதிரையில் சுற்றிக் கொண்டிருந்தார்.

மறுநாள் நான் முதல் பூதத்தின் காலைப் பிடித்து ஏறி, தலையில் வாளைப் பாய்ச்சினேன். அது மெதுவாகச் சாய்ந்தது. நான் கையைத் தட்டினேன். அப்பா, "பாவம்டா அது. அது பாட்டுக்கு நடந்துட்டு இருந்துது. நீயா போய்க் குத்திட்டே" என்றார். அந்த கேம் முழுவதும் விளையாடுபவர் மனதில் எழ வேண்டிய கேள்வியே அதுதான். 16 பூதங்களில் 13-வது, உங்களைத் தாக்குவதே இல்லை. எனக்குப் பல நாள் கழித்து உறைத்தது, அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவர் இன்றுவரை ஒரு பூதத்தைக்கூடக் கொன்றதில்லை. குதிரை சவாரி மட்டும்தான்.

எல்லாத் தப்பும் ஒன்றல்ல

நான் சென்னை திரும்புவதற்கு முதல் நாள் அப்பா லேப்டாப்பைத் திறந்தார். "இதுலயும் செத்தா மறுபடி வரலாமா?" என்று கேட்டார்.

இங்கே நான் பொய் சொல்லக்கூடாது. கேம் போல எல்லாமே திரும்பி வராது. ஆனால் புதியவர்கள் பயப்படும் தப்புகளில் பெரும்பாலானவை திரும்பும். டைப் செய்ததை அழித்துவிட்டால் கண்ட்ரோல் இசட். பைலை டெலிட் செய்துவிட்டால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். தவறான மெனு திறந்தால் எஸ்கேப் கீ. வேறு பக்கத்துக்குப் போய்விட்டால் பேக் பட்டன். ஷிப்ட் கீயோடு டெலிட் செய்தாலோ, பென் டிரைவிலிருந்து டெலிட் செய்தாலோ ரீசைக்கிள் பின்னில் இருக்காது. தவறான கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கும், யாரிடமோ சொல்லிவிட்ட ஓ.டி.பி.க்கும் கண்ட்ரோல் இசட் கிடையாது. பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்திட வேண்டும்.

அப்பா ஒரு நோட்டை எடுத்து, வரவு செலவு எழுதுவது போல நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் "திரும்பும்", வலது பக்கம் "திரும்பாது". இடது பக்கம் நிறைந்து அடுத்த தாளுக்குப் போனது. வலது பக்கம் ஐந்தே வரிகள். "இந்த அஞ்சுலதான் ஜாக்கிரதையா இருக்கணும், இல்லையா?" என்றார். எத்தனையோ பயிற்சிக் கையேடுகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்குத் தெளிவான ஒன்றைப் பார்த்ததில்லை.

நீங்களும் விளையாடிப் பார்க்கப் போகிறீர்களா?

கன்சோல் வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நண்பர் வீட்டில் இருந்தால் ஒரு மாலை போய்ப் பாருங்கள். அதற்குச் சில குறிப்புகள்.

1. டி.வி.யின் செட்டிங்ஸ் பகுதியில் கேம் மோட் இருந்தால் ஆன் செய்திடவும். படத்தை அழகாக்க டி.வி. எடுத்துக் கொள்ளும் நேரத்தால், பட்டன் அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் வரும். பலர் கேமைத் திட்டுவது இதனால்தான்.

2. கேமரா மேல் கீழாக மாறித் திரும்புவது போலத் தோன்றினால், கேமின் ஆப்ஷன்ஸ் பகுதியில் இன்வெர்ட் என்பதை மாற்றவும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள்.

3. வயது முத்திரையைப் பாருங்கள். டீமன்ஸ் சோல்ஸ், காட் ஆப் வார் இரண்டுக்கும் அமெரிக்க முத்திரை எம், அதாவது 17 வயதுக்கு மேல். ரத்தம் உண்டு. சிறுவர்கள் இருக்கும் வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு 2017-ல் வந்த செல்டா: பிரெத் ஆப் தி வைல்ட் போன்றவை பொருத்தம். அது 10 வயதுக்கு மேல்.

4. காட் ஆப் வார் கேமில் சுலபம் முதல் கடினம் வரை நான்கு நிலைகள் உள்ளன. கதை போதும் என்பவர்கள் சுலபமானதையே எடுக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. இரண்டு, மூன்று நாட்கள், தினம் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டீமன்ஸ் சோல்ஸில் சுலப நிலை கிடையாது. நடுவில் நிறுத்தி வைக்க பாஸ் பட்டனும் கிடையாது. போன் அடித்தால் எடுப்பதற்குள் தலை போய்விடும். 2020 பதிப்பில் போட்டோ எடுக்கும் வசதியைத் திறந்தால் கேம் நிற்கிறது. அதைத் தெரிந்து கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது. தப்பு செய்ய இடம் கொடுப்பது வேறு, வேலை வெட்டி உள்ளவரை வதைப்பது வேறு. இது இரண்டாவது வகை என்பதே என் கருத்து.

ஆனால் முதல் வகையை நம் வீட்டில் எல்லோரும் கற்றுக் கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவருக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளே, தயவு செய்து கையைக் கட்டிக் கொண்டு உட்காருங்கள். கற்றுக் கொள்ளும் பெரியவர்களே, முதல் நாள் தடுமாற்றத்தை வைத்து, "இது எனக்கு வராது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

சென்ற மாதம் அப்பா போன் செய்தார். மின் கட்டணம் கட்டிவிட்டாராம். ரசீதை டவுண்லோட் செய்தது எங்கே போனதென்று தெரியவில்லையாம். "இருங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார். "நாலு தடவை வேற எங்கெங்கோ போய்ட்டேன். அஞ்சாவது தடவை கிடைச்சுட்டுது. சும்மா சொல்லத்தான் கூப்பிட்டேன்."

எனக்கு ஏழு தடவை ஆனது. அவருக்கு ஐந்து போதும்.